மஸீஹுக்கு முன் ஓர் அரசா? யூத மார்க்க அறிஞரிடையே ஒரு நெடும் பிணக்கு

1924-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள், அந்தி நேரம். பைத்துல் முகத்தஸ் நகரின் யாஃபா சாலையில் ஷஆரே ஸெதெக் என்னும் மருத்துவமனை இருந்தது. அதனுள் அமைந்த தொழுகைக் கூடத்தில் மாலை வழிபாட்டை முடித்துக்கொண்டு வெளியே வந்த யூதர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். யாகோப் இஸ்ராயேல் டி ஹான் என்பது அவர் பெயர். ஹாலந்து நாட்டினர், சட்டம் கற்றவர், டச்சு மொழியில் கவிதை புனைந்தவர். 1919-இல் பாலஸ்தீனத்தில் வந்து இறங்கியபோது அவர் முழு ஸியோனிஸ்டாகவே வந்தார். சில ஆண்டுகளுக்குள் மனம் மாறி, நகரின் பழைமை பேணும் யூதர்களுக்குத் தலைவராயிருந்த ரப்பி யோஸெஃப் ஹயீம் ஸோன்னென்ஃபெல்தின் அணியிற் சேர்ந்தார். வெளியுலகோடு அவர்கள் சார்பில் பேசும் நாவும் ஆனார். ஹிஜாஸ் மன்னர் ஷரீஃப் ஹுஸைனையும் அவர் மைந்தர் அமீர் அப்துல்லாஹ்வையும் அவ்வணியினர் சந்தித்துப் பேசியதில் டி ஹானின் பங்கு பெரிது. பாலஸ்தீன யூதர் அனைவருக்கும் ஸியோனிஸ்டுகளே பிரதிநிதிகள் என்னும் கூற்றை மறுத்துரைக்க அவர் லண்டன் செல்ல இருந்த நேரத்தில் குண்டு பாய்ந்தது.

அவரைக் கொன்றவர்கள் அரபுகள் அல்லர். ஹகனா என்னும் ஸியோனிஸப் படையணியைச் சேர்ந்த யூதர்களே கொன்றனர். அறுபது ஆண்டுகள் கழிந்தபின், 1980-களில், அப்படையணியின் பழைய உறுப்பினர் ஒருவர் இஸ்ரேலியப் பத்திரிகையாளரிடம் இதனை மறைக்காமல் ஒப்புக்கொண்டார்.

யூதரை யூதரே கொல்வானேன்? உடனடிக் காரணம் அரசியல் என்பதில் ஐயமில்லை. எனினும் அந்த அரசியலுக்கு அடியில் ஒரு மஸ்அலா கிடந்தது. மஸீஹ் வருமுன்னர், மனித முயற்சியால், யூதர் தமக்கென ஓர் அரசை நிறுவிக்கொள்வது தவ்ராத்தின்படி ஆகுமா, ஆகாதா? பாலஸ்தீனச் செய்திகளை நாள்தோறும் படித்து நெஞ்சம் நோகும் நாம், எதிரணியில் ஓயாமல் நடந்துவரும் இந்த வழக்கை அறியாமலேயே பேசி வருகிறோம். 'யூதர் எல்லோரும் ஒன்றே' என்று மேடையில் முழங்குகிறவரும் உண்டு. 'உண்மையான யூதர் யாவரும் நம் பக்கமே' என்று மகிழ்கிறவரும் உண்டு. இருவர் கூற்றையும் வரலாறு ஏற்கவில்லை.

மஸீஹ் என்றதும் நம் உள்ளத்தில் எழுபவர் மர்யமின் மைந்தர் ஈஸா நபி (அலை) அவர்களே. யூதர் அவரை ஏற்காது, தாவூத் நபியின் வழியில் இனிமேல் தோன்றவிருக்கும் ஓர் அரசரை எதிர்நோக்கியிருப்பவர்கள். கி.பி. 70-இல் ரோமர் ஆலயத்தை இடித்தபின், சிதறுண்டு வாழும் நிலைக்கு அவர்கள் 'காலூத்' என்று பெயரிட்டனர். அப்பாஸியர் வரலாற்றைப் பயின்றோர் 'ரஃஸுல் ஜாலூத்' என்னும் பதவிப் பெயரை நினைவுகூர்வர். பக்தாதில் யூத சமுதாயத்தின் தலைவருக்கு வழங்கிய பெயர் அது. அந்த ஜாலூத்தே இந்தக் காலூத். இது தங்கள் பிழைகளுக்காக இறைவன் அளித்த தண்டனை என்றும், தண்டனையை முடிக்கும் உரிமை அளித்தவனுக்கே உண்டு என்றும் அவர்களுடைய முன்னோர் நம்பினர்.

இந்நம்பிக்கைக்குத் தல்மூதில் ஓர் ஆதாரம் உண்டு. ஸுலைமான் நபிக்குரியதாக அவர்கள் போற்றும் பாடல் நூலில், எருசலேம் மகளிரிடம் சத்தியம் வாங்கும் தொடர் ஒன்று மீண்டும் மீண்டும் வருகிறது. 'கெதூபோத்' என்னும் பகுதியில் தல்மூதின் அறிஞர்கள் அதற்குப் பொருள் விரிக்கையில், இறைவன் மூன்று சத்தியங்களை வாங்கினான் என்றனர். இஸ்ராயீலர் திரண்டு மதிலென எழுந்து அந்நிலத்துக்குச் செல்லலாகாது. உலகச் சமுதாயங்களை எதிர்த்துக் கலகம் செய்யலாகாது. அச்சமுதாயங்களும் இஸ்ராயீலரை அளவுமீறி ஒடுக்கலாகாது. குறிக்கப்பட்ட காலத்துக்கு முன்னே மீட்பை வலிந்து வரவழைக்க முயல்வோருக்கு 'முடிவை நெருக்குவோர்' என்று அவர்கள் பெயரிட்டனர். அப்பெயரில் அச்சம் தொனிப்பதைக் காணலாம்.

அச்சத்துக்குக் காரணமும் இருந்தது. 132-இல் ரோமரை எதிர்த்து வாளெடுத்த ஷிம்ஊன் பர் கோக்பாவை, ரப்பி அகீபா போன்ற மாபெரும் அறிஞரே மஸீஹ் எனக் கருதினார். 135-இல் கிளர்ச்சி நசுக்கப்பட்டது. ஊர்கள் அழிந்தன, யூதர் பைத்துல் முகத்தஸில் காலடி வைப்பதற்கே தடை வந்தது. நெடுங்காலத்துக்குப் பின், 1665-இல், இஸ்மிர் நகரத்துச் சப்பத்தாய் ஸெவி என்பவரை காஸாவில் வாழ்ந்த நாத்தான் என்பவர் மஸீஹ் என அறிவித்தார். யமன் முதல் ஆம்ஸ்டர்டாம் வரை யூதர் பலர் வணிகத்தையும் வீட்டையும் கைவிட்டுப் பயணத்துக்கு ஆயத்தமாயினர். மறு ஆண்டு, உஸ்மானிய ஸுல்தான் நான்காம் முஹம்மதின் முன் நிறுத்தப்பட்ட அவர், தலைப்பாகை தரித்து இஸ்லாத்தைத் தழுவியதாக அறிவித்தார். அவரை நம்பி உடன் மாறியோரின் வழியினரே துருக்கியில் 'தோன்மே' எனப்படுவோர். இந்த ஏமாற்றத்தின் வடு யூத உள்ளத்தில் ஆறவே இல்லை. இதன் பின்னர், மீட்பு வந்துவிட்டது என்று எவர் சொன்னாலும் ரப்பிமார் முதலில் ஐயுறவே செய்தனர்.

இவ்விடத்தில் மூஸா இப்னு மைமூனைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். இரு தரப்பாரும் இன்றுவரை இழுத்துக்கொள்வது அவரைத்தான். 1138-இல் குர்துபாவில் பிறந்து, 1204-இல் மிஸ்ரில் மறைந்தவர். ஸலாஹுத்தீன் ஐயூபியின் அமைச்சர் அல்காளீ அல்ஃபாளிலின் ஆதரவைப் பெற்ற மருத்துவர். 'தலாலத்துல் ஹாயிரீன்' என்னும் தத்துவ நூலை அரபு மொழியிலேயே இயற்றினார். எழுத்து மட்டும் ஹீப்ரு. தமிழை அரபு எழுத்தில் வடித்து அரபுத் தமிழ் வளர்த்த நம் முன்னோரை எண்ணினால், இதில் நமக்கு வியப்பொன்றும் தோன்றாது. யமனில் ஒருவர் மஸீஹின் பெயரால் கிளம்பியபோது, அந்நாட்டு யூதருக்கு 1172 அளவில் அவர் வரைந்த மடலும் அரபிலேயே அமைந்தது. பொறுத்திருங்கள், ஏமாறாதீர்கள் என்பதே அம்மடலின் சாரம். அந்தச் சத்தியத்தையும் அதில் எடுத்துக்காட்டினார். ஆயினும், சட்டங்களை முறைப்படுத்தித் தொகுத்த பெருநூலில் அவர் அந்த மூன்று சத்தியங்களைச் சட்டமாகச் சேர்க்கவில்லை. அதே நூலின் இறுதியில் மஸீஹை அற்புதம் காட்டுபவராக அன்றி, தவ்ராத்தைப் பேணி, போர் வென்று, ஆலயத்தை எழுப்பி, சிதறியோரைச் சேர்க்கும் ஓர் அரசராகவே தீட்டினார். 'மடலைப் பாருங்கள்' என்பர் ஒரு சாரார். 'சட்டநூலைப் பாருங்கள்' என்பர் மறுசாரார். அவருக்கு அடுத்த தலைமுறைகளில் வந்த நஹ்மானிதேஸோ, அந்நிலத்தில் குடியேறுவது எக்காலத்துக்கும் உரிய கடமை என்று எழுதினார். எழுதியதோடு நில்லாமல் ஸ்பெயினை விட்டு 1267-இல் பைத்துல் முகத்தஸுக்கே வந்து சேர்ந்தார். ஆக, கிதாபுகளில் இரு வழிகளும் திறந்தே இருந்தன என்பதை நாம் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். நிலத்தின்மீது அன்பில்லாதோர் எவரும் அவர்களுள் இலர். நாள்தோறும் மும்முறை அந்நகரை வேண்டித் தொழுதவர்கள் அவர்கள். யார் அழைத்துச் செல்வது, எப்பொழுது என்பதே வழக்கு.

19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய நாடுகள் ஒவ்வொன்றும் தேசியம் பேசத் தொடங்கின. அக்காற்று யூதர்மீதும் வீசியது. யெஹூதா அல்கலாய், ஸ்வி ஹிர்ஷ் கலிஷர் ஆகிய இரு ரப்பிமார், மீட்பு வானிலிருந்து ஒரே நொடியில் இறங்குவதன்று, மனிதர் தொடங்க இறைவன் முடிப்பான் என்று எழுதினர். கேட்டவர் சிலரே. 1896-இல் யூத அரசு பற்றிய தம் சிறு நூலை வெளியிட்ட தியோடார் ஹெர்ஸலோ மார்க்கப் பேணுதல் இல்லாத பத்திரிகையாளர். ஐரோப்பாவின் யூத வெறுப்புக்கு அவர் கண்ட மருந்து அரசியல் மருந்து. தம் முதல் மாநாட்டை அவர் மூனிக் நகரில் கூட்ட எண்ணினார். அதனை எதிர்த்துக் குரல் எழுப்பியவர்கள் ஜெர்மானிய ரப்பிமார்களே. பழைமைவாதிகளும் சீர்திருத்தவாதிகளும் ஒரே அறிக்கையில் ஒப்பமிட்டனர். யூத அரசு நிறுவும் முயற்சி மஸீஹ் பற்றிய வாக்குறுதிகளுக்கு முரணானது என்றும், யூதர் தாம் வாழும் நாட்டுக்கே விசுவாசமுடையோர் என்றும் அவ்வறிக்கை கூறியது. மாநாடு ஸ்விட்சர்லாந்தின் பாஸல் நகருக்கு மாற்றப்பட்டு, 1897 ஆகஸ்ட் 29-இல் தொடங்கியது.

அவ்விரு சாராரும் ஒரே தாளில் ஒப்பமிட்டாலும் அவர்கள் நோக்கம் ஒன்றன்று. சீர்திருத்தவாதிகளுக்கு மஸீஹ் என்னும் தனி மனிதரிலேயே நம்பிக்கை போய்விட்டது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 1885-இல் கூடிய அவ்வகை ரப்பிமார், நாங்கள் ஒரு தேசத்தார் அல்லர், மார்க்கச் சமுதாயத்தாரே; பாலஸ்தீனத்துக்குத் திரும்புவதை எதிர்நோக்கவும் இல்லை என்று தீர்மானித்தனர். நாட்டுப்பற்றுள்ள குடிமக்களாக ஏற்கப்படவேண்டும் என்பதே அவர்கள் கவலை. இந்தக் கவலையை அரசவையிலேயே ஒலித்தவர் நம் நாட்டு வரலாற்றில் இடம்பெற்ற ஒருவர்: மாண்டேகு-செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தத்தின் எட்வின் மாண்டேகு. 1917-இல் இந்திய மந்திரியாக இருந்த அவர், அன்றைய பிரிட்டிஷ் மந்திரி சபையின் ஒரே யூதர். பால்ஃபர் அறிக்கையைத் தயாரித்தபோது அதனை மிக வன்மையாக எதிர்த்தவரும் அவரே. யூதருக்கென ஒரு தாயகத்தைக் குறித்துவிட்டால், மற்ற நாடுகளில் வாழும் யூதர் அயலாராகிவிடுவர் என்பது அவர் வாதம். நவம்பர் 2-ஆம் நாள் அறிக்கை வெளியானபோது அவர் இந்தியாவை நோக்கிக் கடற்பயணத்தில் இருந்தார். பிற நாடுகளில் யூதர் பெற்றிருக்கும் உரிமைக்கு ஊறு நேரலாகாது என்னும் வாசகம் அவ்வறிக்கையில் ஏறியது இத்தகைய எதிர்ப்பின் விளைவே. சீர்திருத்தவாதிகள் பின்னர் மனம் மாறினர். ஹிட்லரின் கொடுமை தலைதூக்கிய நாளில், 1937-இல், கொலம்பஸ் நகரில் கூடிய அவர்கள் பாலஸ்தீனத்தைக் கட்டியெழுப்பத் துணை நிற்பதைக் கடமையாக்கினர்.

மார்க்கம் பேணுவோருள்ளும் ஸியோனிஸத்தில் சேர்ந்தோர் இருந்தனர். ரப்பி யிட்ஸ்ஹாக் யாகோப் ரெய்னஸ் 1902-இல் வில்னா நகரில் 'மிஸ்ராஹி' இயக்கத்தைத் தொடங்கினார். இவர் கூறியதைக் கவனித்துப் படிக்க வேண்டும். ஸியோனிஸத்துக்கும் மஸீஹின் மீட்புக்கும் எத்தொடர்பும் இல்லை. அல்லற்படும் மக்களுக்கு ஒரு புகலிடம் தேடுவதே இது. ஆகவே சத்தியங்களை மீறியதாகாது என்றார். 1903-இல் ஆப்பிரிக்காவில் ஒரு நிலப்பகுதியைத் தர பிரிட்டன் முன்வந்தபோது, அதனை ஆராயலாம் என்று மிஸ்ராஹியினர் பெரும்பாலோர் வாக்களித்ததும் இக்கருத்தாலேயே. மஸீஹை அரசியலில் இழுக்காதிருத்தலே முதல் மார்க்க ஸியோனிஸ்டுகளின் காப்பாக இருந்தது.

அந்தக் காப்பை அவிழ்த்தவர் ரப்பி ஆப்ரஹாம் யிட்ஸ்ஹாக் கூக். 1904-இல் யாஃபாவுக்கு ரப்பியாக வந்து, 1921-இல் பாலஸ்தீனத்தின் முதல் அஷ்கனாஸித் தலைமை ரப்பியானவர். ஆழ்ந்த ஞானமார்க்கச் சிந்தனையாளர். ஸப்பத் நாளைப் பேணாது, தொழுகையை மறந்து, வயலில் உழைத்த இளைஞரைக் கண்டு மற்ற ரப்பிமார் கொதித்தபோது, இவர் கொதிக்கவில்லை. தாங்கள் அறியாமலேயே அவர்கள் இறைவனின் திட்டத்தை நிறைவேற்றுகின்றனர் என்றார். ஆலயத்தின் மகா பரிசுத்த இடத்தில், கட்டி முடிந்தபின் தலைமைக் குரு மட்டுமே, அதுவும் ஆண்டில் ஒரு நாளே, நுழையலாம். கட்டும்போதோ கொத்தனும் சிற்றாளும் சாதாரண உடையில் நுழைவார்கள் என்னும் உவமை அவர் பெயரால் வழங்குகிறது. யூத மரபில் தாவூதின் மைந்தராகிய மஸீஹுக்கு முன் யூஸுஃபின் வழியில் ஒரு மஸீஹ் தோன்றி, உலகியல் அடித்தளத்தை இட்டு மடிவார் என்றும் ஒரு நம்பிக்கை உண்டு. ஹெர்ஸல் மறைந்த 1904-இல் கூக் ஆற்றிய இரங்கலுரை அந்தக் குறிப்பைச் சுற்றியே அமைந்தது. ரெய்னஸ் பிரித்து வைத்ததை இவர் ஒன்றாக்கினார். ஸோன்னென்ஃபெல்துக்கு இது தாளவில்லை. ஆயினும், இருவரும் 1913-இல் ஒன்றாகப் பயணம் செய்து வடபகுதிக் குடியேற்றங்களில் மார்க்கப் பேணுதலுக்கு அறிவுரை கூறியதையும் குறிப்பிட வேண்டும். அறிஞர் பகை அன்று அவ்வளவில் நின்றது.

எதிரணி 1912-இல் கட்டோவிட்ஸ் நகரில் 'அகூதத் இஸ்ராயேல்' என்னும் அமைப்பாகத் திரண்டது. போலந்து, லித்துவேனியா, ஹங்கேரி நாடுகளின் பெரும் அறிஞர்களும் ஹஸீதிய குருமாரும் இதில் இருந்தனர். ஆண்டுகள் செல்லச் செல்ல இவ்வமைப்பு ஸியோனிஸ்டுகளோடு பேசத் தொடங்கியபோது, பைத்துல் முகத்தஸில் ஒரு சிறு குழுவினர் அதிலிருந்தும் பிரிந்தனர். 1938 அளவில் அவர்கள் பூண்ட பெயர் 'நெத்தூரே கர்த்தா'. இது அரமாயிக் மொழி. தோட்டக் காவலனை 'நாத்தூர்' என்றும் ஊரை 'கர்யா' என்றும் அரபில் படித்தோருக்கு இப்பெயரின் பொருள் தானே விளங்கும்: ஊர்க் காவலர். ஊரைக் காப்போர் படைவீரர் அல்லர், வேதம் ஓதுவோரே என்னும் பழங்கதை ஒன்றிலிருந்து அப்பெயரை எடுத்தனர். ரப்பி அம்ராம் பிளாவ் அவர்களின் தலைவர்.

பின்னர் வந்தது ஐரோப்பிய யூதரின் பேரழிவு. அறுபது லட்சம் மாந்தர் கொல்லப்பட்டனர். அகூதாவின் மத்ரஸாக்களும் ஹஸீதிய ஊர்களும் அடியோடு அழிந்தன. காத்திருங்கள் என்று சொன்ன குருமாரும் அவர் சொல்லைக் கேட்டுக் காத்திருந்த மக்களும் ஒரே நெருப்பில் வெந்தனர். ஸியோனிஸத்தின்பால் யூத உலகம் சாய்ந்ததற்கு இதனினும் பெரிய காரணம் தேடவேண்டியதில்லை. இந்த உண்மையைச் சொல்லாமல் இந்த வரலாற்றை எழுதுவது அநீதியாகும்.

ஆயினும் அதே நெருப்பிலிருந்து தப்பிய ஒருவர் நேர்மாறான முடிவுக்கு வந்தார். சத்மார் ஹஸீதியரின் தலைவர் ரப்பி யோயெல் டெய்ட்டல்பாம் 1944-இல், புடாபெஸ்டின் ஸியோனிஸ்ட் தலைவர் காஸ்ட்னர் நாஜிகளோடு பேரம் பேசி அனுப்பிய ரயிலில் ஏறி உயிர் பிழைத்தவர். பின்னர் நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பகுதியில் தம் கூட்டத்தை மீண்டும் வளர்த்தார். 1961-இல் வெளியான 'வயோயெல் மோஷே' என்னும் அவர் நூல் மூன்று சத்தியங்களையே தூணாகக் கொண்டது. மஸீஹுக்கு முன் அமைந்த அரசு, தவ்ராத்தைப் பேணும் அரசாகவே இருந்தாலும், இறைவனுக்கு எதிரான கலகமே என்பது அவர் தீர்ப்பு. நேர்ந்த பேரழிவுக்கும் இந்தச் சத்தியத்தை மீறியதே காரணம் என்றும் எழுதினார். கொல்லப்பட்ட பச்சிளங்குழந்தையின் தலையில் ஓர் அரசியல் இயக்கத்தின் குற்றத்தை ஏற்றும் இவ்வாதம் எனக்கு இரக்கமற்றதாகவே படுகிறது. அவருடைய கல்விப் பெருக்கையும் அஞ்சாமையையும் மதிப்பது வேறு.

1948 மே 14-ஆம் நாள் இஸ்ரேல் அறிவிக்கப்பட்டபோது, பிரகடனத்தில் இறைவனின் பெயரைச் சேர்ப்பதா என்று இறுதிவரை வாதாடினர். ரப்பி மைமோன் சேர்க்க வேண்டும் என்றார்; இடதுசாரி ஸிஸ்லிங் கூடாது என்றார். முடிவில் 'இஸ்ராயேலின் பாறை' என்னும் சொல்லால் சமாதானமாயினர். நம்பியவர் அதனை இறைவன் என்று கொண்டார். நம்பாதவர் மக்களின் உறுதி என்று கொண்டார். தலைமை ரப்பிமார் அரசுக்கென ஒரு பிரார்த்தனை இயற்றி, அதில் இவ்வரசை மீட்பின் முதல் தளிர் என்று வருணித்தனர். அப்பிரார்த்தனை ஓதப்படுகிறதா, இல்லையா என்பதைக் கொண்டே ஒரு தொழுகைக் கூடம் எந்த அணியைச் சார்ந்தது என இன்றும் அறியலாம். அகூதாவினர் நடுவழி ஒன்றைக் கண்டனர். 1947-லேயே பென்குரியோன் முதலியோர் அவர்களுக்குக் கடிதம் எழுதி, ஸப்பத், உணவு விதி, திருமணச் சட்டம், கல்வி ஆகிய நான்கிலும் உறுதியளித்திருந்தனர். அரசு புனிதமானதன்று, ஆனால் இருக்கிறது, ஆகவே அதனோடு காரியம் ஆற்றலாம் என்பது அவர்கள் நிலை. பிற்காலத்தில் மந்திரி சபைத் தீர்மானங்களின் பாவம் தம்மேல் சேராதிருக்க, துணை மந்திரி என்னும் பெயரோடு முழு மந்திரியின் அதிகாரத்தையும் வகித்தார்கள். மார்க்கச் சட்டத்தில் 'ஹீலா' தேடுவது ஒரு சமுதாயத்துக்கு மட்டும் உரிய கலையன்று என்று எண்ணிப் புன்னகைத்தேன்.

கூக்கின் விதை மரமானது 1967-இல். தந்தை நிறுவிய மெர்காஸ் ஹராவ் மத்ரஸாவில் மகன் ரப்பி ஸ்வி யெஹூதா கூக், அவ்வாண்டு மே மாத நடுவில் சுதந்திர நாள் உரை நிகழ்த்தினார். 1947-இல் பிரிவினைச் செய்தி வந்த இரவில் மக்கள் வீதியில் ஆடியபோது தம்மால் மகிழ இயலவில்லை என்றும், ஹெப்ரோனும் நாபுலுஸும் எரிகோவும் நம்மை விட்டுப் போயினவே என்றும் உரத்துக் கதறினார். மூன்று வாரத்தில் போர் மூண்டது. ஆறு நாளில் அவ்வூர்கள் யாவும் இஸ்ரேலிய வசமாயின. மாணவர்கள் அவரைத் தீர்க்கதரிசியெனக் கண்டதில் வியப்பென்ன? மறு ஆண்டு அவர் மாணவர் மோஷே லெவிங்கர் தம் குழுவுடன் பெருநாள் கொண்டாட ஹெப்ரோனின் விடுதி ஒன்றுக்குச் சென்றார், சென்றவர் திரும்பவில்லை. 1974-இல் 'குஷ் எமூனீம்' தோன்றியது. அரசு தடுத்தாலும் மலையுச்சிகளில் குடியேறினர். ஓர் அங்குல நிலத்தையும் திருப்பித் தருதல் மீட்பைப் பின்னோக்கித் தள்ளும் பாவம் என்றாயிற்று. புகலிடம் தேடுவதாகத் தொடங்கிய ஒன்று, இறைவனின் நாட்காட்டியைத் தம் கையிலே வைத்திருப்பதாக எண்ணும் இயக்கமாக மாறிய கதை இதுதான். அந்நிலத்தில் தலைமுறை தலைமுறையாக உழுது வாழ்ந்த அரபு உழவருக்கு அந்த நாட்காட்டியில் ஒரு பக்கமும் ஒதுக்கப்படவில்லை.

இதன் விளிம்பு எங்கே சென்று முட்டியது என்பதையும் காண்க. 1984-இல் யூத இரகசியக் கூட்டத்தார் பிடிபட்டபோது, குப்பத்துஸ் ஸக்ராவை வெடிவைத்துத் தகர்க்க அவர்களுட் சிலர் தீட்டிய திட்டம் வெளிப்பட்டது. 1994 பிப்ரவரி 25, ரமளான் மாதத்து வெள்ளிக்கிழமை, ஃபஜ்ருத் தொழுகையில் நின்றோரை கோல்ட்ஸ்டைன் என்னும் மருத்துவர் ஹெப்ரோனின் இப்ராஹீமிப் பள்ளிவாசலில் சுட்டார். 29 பேர் ஷஹீதாயினர். மறு ஆண்டு நவம்பரில் பிரதமர் ராபினைக் கொன்ற யூத இளைஞனும் தன் செயலுக்கு மார்க்கச் சட்டத்தையே துணைக்கழைத்தான். 2005-இல் இஸ்ரேலிய அரசே காஸாவின் குடியேற்றங்களை அகற்றியபோது, மீட்பின் முதல் தளிர் என்று தாம் வாழ்த்திய அரசே தளிரைக் கிள்ளுவதாகக் கண்டு, அப்பிரார்த்தனையை ஓதுவதைச் சிலர் நிறுத்தினர்.

இந்நிலைக்கு எதிராக எழுந்த குரல்கள் நெத்தூரே கர்த்தாவின் குரல் மட்டும் அல்ல. பேராசிரியர் யெஷயாஹு லெய்போவிட்ஸ் ஸியோனிஸ்டே. ஆயினும் அரசுக்குப் புனிதம் கற்பிப்பது சிலை வணக்கம் என்றார். 1967-இன் வெற்றி முழக்கம் ஓயுமுன்னரே, கைப்பற்றிய நிலங்களை விட்டு வெளியேறுங்கள், பிற மக்களை ஆள்வது உங்களைக் கெடுத்துவிடும் என்று எச்சரித்தார். 1993-இல் நாட்டின் உயர்ந்த விருது அவருக்கு அறிவிக்கப்பட்டு எதிர்ப்பு எழுந்தபோது, விருதே வேண்டாமென்று ஒதுங்கினார். பக்தாதில் பிறந்து, மிஸ்ரில் பணியாற்றி, ஸெஃபர்தியரின் தலைமை ரப்பியான ஒவாதியா யோஸெஃபோ 1979-இல் வேறொரு வழியில் வந்தார். உயிரைக் காத்தல் ஏனைய விதிகளை விட முந்தியது. நிலத்தைக் கொடுத்து உயிர்ச்சேதத்தைத் தவிர்க்கக்கூடுமாயின் கொடுக்கலாம் என்று தீர்ப்பளித்தார். நம் ஃபிக்ஹு நூல்களில் 'ளரூரத்' பற்றிப் பயின்றோருக்கு இவ்வாதத்தின் நடை அந்நியமாகத் தோன்றாது. எனினும் 2005-இல் காஸாவிலிருந்து வெளியேறுவதை அவரே எதிர்த்தார் என்பதையும் மறைத்தல் கூடாது.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவர் ஒருவர் ஒரு படத்தைக் கொண்டுவந்தார். நீண்ட தாடியும் கருமேலங்கியும் உடைய யூதர் சிலர் பாலஸ்தீனக் கொடியேந்தி நிற்கும் படம். "ஹஸ்ரத், இவர்களும் யூதர்கள்தாமா?" என்று கேட்டார். ஆம் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. அம்மலர்ச்சியைக் குலைக்க மனமில்லாமல் அன்று மௌனமானேன். அன்று சொல்லாமல் விட்டதை இன்று எழுதுகிறேன். அப்படத்தில் உள்ளோர் மிகச் சிறு தொகையினர். அவர்களின் எதிர்ப்பு உண்மையானது. ஆனால் அது பாலஸ்தீனரின் உரிமையிலிருந்து பிறந்ததன்று, தம் வேதத்தின் சத்தியத்திலிருந்து பிறந்தது. மஸீஹ் வந்துவிட்டார் என்று அவர்கள் நம்பும் நாளில் அதே நிலம் முழுவதும் தமக்குரியது என்பதிலும் அவர்களுக்கு ஐயமில்லை. அவர்களுட் சிலர் 2006-இல் தெஹ்ரானில் யூதப் பேரழிவை ஐயுறும் மாநாட்டில் கலந்துகொண்டபோது, ஸியோனிஸத்தை எதிர்க்கும் சத்மார் தரப்பினரே அவர்களைக் கண்டித்தனர். சாட்சி கிடைத்தான் என்பதற்காகச் சாட்சியின் முழுச் சொல்லையும் கேளாதிருப்பது காளிக்கு அழகாகுமா?

பழைய வழக்கு இன்னும் முடியவில்லை. 1948-இல் நானூறு மாணவருக்கு என்று தொடங்கிய படைச்சேவை விலக்கு, பல்லாயிரவரைத் தழுவுமளவு வளர்ந்தது. 2024 ஜூன் 25-இல் இஸ்ரேலிய உச்ச நீதிமன்றம், இவ்விலக்குக்குச் சட்ட அடிப்படை இல்லை என்று தீர்த்தது. ஊரைக் காப்பது ஓதலா, வாளா என்னும் கேள்வி, காஸாவில் போர் நடந்துகொண்டிருந்த நாளிலே மீண்டும் வீதிக்கு வந்தது.

ஹரம் ஷரீஃபின் மேற்குப் பக்கத்தில், முஸ்லிமல்லாதார் செல்லும் மஃக்ரிபி வாயிலை நோக்கிய பாதையில் ஓர் அறிவிப்புப் பலகை உண்டு. தவ்ராத்தின்படி இம்மலையில் யாரும் நுழையலாகாது என்று தலைமை ரப்பியகம் நாட்டியது அது. பிணத்தீட்டிலிருந்து தூய்மை பெற, செந்நிறப் பசுவின் சாம்பல் வேண்டும். அது இன்று இல்லை. ஆகவே ஆலயம் நின்ற மண்ணை மிதிக்கலாகாது என்பது விதி. அல்பகரா அத்தியாயத்துக்குப் பெயர் தந்த பசுவை இது நமக்கு நினைவூட்டும். 1967-இல் ரப்பிமார் கூடி இத்தடையை அறிவித்தபோது ஸ்வி யெஹூதா கூக்கும் அதனை ஏற்றே இருந்தார். அவருடைய மாணவர்களின் மாணவர்கள் பலர் இப்போது அந்தப் பலகையைக் கடந்து மேலே ஏறுகின்றனர்.